அலுமினியம் சொல்லிவிட்டு உடையும்

பல் டாக்டர் பிலோத்தோ தன் சைக்கிளின் எடையைக் கேட்காதவர்களிடமும் சொல்வார்: ஆறு கிலோ எழுநூற்று நாற்பது கிராம். அவருடைய சொந்த எடையைக் கேட்டால் மட்டும் காது கேட்காது. போன வசந்தத்தில் சீட்டைத் தாங்கும் அலுமினியக் குழாயைக் கழற்றிவிட்டுக் கார்பன் குழாய் போட்டுக்கொண்டார். அறுபது கிராம் குறைந்ததாம். அன்றைக்கே நெவியோவின் பாரில் உட்கார்ந்து, விரல் தடிமனுக்கு சோப்ப்ரெஸ்ஸா இறைச்சி வைத்த ரொட்டி இரண்டைத் தின்று, வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏத்தத்துல பறக்குது ரினோ" என்றார். பறந்ததை நான் பார்க்கவில்லை. காரின் தலையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு மலையடிவாரம் வரை வந்ததைத்தான் பார்த்தேன்.

எங்கள் சைக்கிள் சங்கத்தில் நாற்பத்து மூன்று பேர். அதில் பத்துப் பேருக்குக் கால் இருக்கிறது, மீதிப் பேருக்குச் சைக்கிள் இருக்கிறது. நோட்டரி, மருந்துக்கடைக்காரர், சமையலறை அலமாரி செய்யும் தொழிற்சாலை முதலாளி, அவருடைய மச்சான் என்று எல்லோரும் கார்பன்காரர்கள். சட்டம் கார்பன், சக்கரம் கார்பன், தண்ணீர்ப் புட்டியைச் செருகும் கூடுகூடக் கார்பன். அந்தக் கூட்டினால் முப்பது கிராம் மிச்சம் என்று நோட்டரி என்னிடம் கணக்குச் சொன்னார். கிளம்புவதற்கு முன் கழிப்பறைக்குப் போய்வந்தால் இதைவிட அதிகம் குறையும் என்று நான் சொன்னேன். ஒரு மாதம் பேசவில்லை. நல்ல மாதம் அது.

நான் ஒத்தோரினோ பிரோத்தோ. ரினோ என்றால் பஸ்ஸானோ முதல் கிராப்பா மலை வரைக்கும் சைக்கிள்காரர்களுக்குத் தெரியும். பிழைப்புக்குத் தொழிற்சாலையில் லேத் இயந்திரத்தில் அலுமினியம் கடைகிறேன், இருபத்தாறு வருஷமாக. அது எப்படி வளையும், எப்போது களைத்துப்போகும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால் கார்பனா அலுமினியமா என்று எவன் பேச்செடுத்தாலும் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவேன்: "அலுமினியம் சொல்லிட்டு உடையும். கார்பன் சொல்லாம உடையும்." பாரில் எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டுப் போய்க் கார்பன் வாங்குவார்கள்.

ஜூன் மாதம் இரண்டாவது ஞாயிறு சங்கத்தோடு கிராப்பா ஏறுவோம். அதற்கு முந்தின நாள் முத்திரைச் சனிக்கிழமை. அந்தக் காலத்துப் பந்தயங்களில், வழியில் எவனும் சைக்கிளை மாற்றிக்கொள்ளக் கூடாது என்று முதல் நாளே ஒவ்வொரு சைக்கிளிலும் கம்பி கட்டி ஈய முத்திரை அமுக்குவார்கள். மற்ற ஊர்களில் விட்டுவிட்டார்கள், நாங்கள் விடவில்லை. இப்போது அது பாதுகாப்புக்கான சோதனை. செமோன்சோ பக்கம் இறங்கும் பாதையில் கொண்டை வளைவுகள் இருபதுக்கு மேல் உண்டு, அங்கே ஏதாவது கழன்றால் எடுத்துவர ஆள் வேண்டும். முத்திரை இல்லாத சைக்கிள் எங்களோடு இறங்க முடியாது. முத்திரை அமுக்கும் குறடு பதினோரு வருஷமாக என் கையில் இருக்கிறது.

கார்பன்காரர்களுக்கென்று நானே ஒரு விதி போட்டேன். ஹேண்டில்பாரில் சுற்றியிருக்கும் நாடாவை எல்லோர் முன்னாலும் அவிழ்க்க வேண்டும். நான் பழைய இருநூறு லிரா நாணயத்தால் ஒவ்வொரு விரற்கடையாகத் தட்டுவேன். நல்ல கார்பன் 'டக்' என்று கறாராகப் பதில் சொல்லும். உள்ளே பிரிந்துபோனது 'தொப்' என்று முனகும். பதினோரு வருஷத்தில் மூன்று முறை முனகியிருக்கிறது. அந்த மூன்றையும் நான் இன்றைக்கும் தேதியோடு சொல்வேன். அலுமினியம் வைத்திருப்பவன் அவிழ்க்க வேண்டியதில்லை. அலுமினியம்தான் சொல்லிவிடுமே.

இன்னொரு வழக்கமும் எங்களிடம் உண்டு, இது நான் போட்டது இல்லை. மலையேற்றத்தில் ஜெயித்தவன் அன்றைக்குக் கையில் பிடித்திருந்த நாடாவை அவிழ்க்கவே மாட்டான். பழசாகிப் போனால் அதன் மேலேயே புதிது சுற்றிக்கொள்வான். அவிழ்த்தால் கால் போய்விடும். தபால்காரன் கொர்ராதோ இதெல்லாம் மூடத்தனம் என்று ஜெயித்த வருஷமே அவிழ்த்தான், அக்டோபரில் அவன் முழங்காலை அறுத்துத் தைத்தார்கள். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நான் ஜெயித்தது ஒரே ஒரு முறை, இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால். நாடா சிவப்பு. பிறகு நான் வேறு சைக்கிள் வாங்கியபோது, ஜெயித்த சைக்கிள் நாடாவோடு என் மனைவி லொரெதானாவிடம் போனது. அவள் என்னைவிட இரண்டு விரற்கடை உயரம், அதனால் சைக்கிள் அவளுக்குச் சரியாகவே இருந்தது. சிவப்பின் மேல் கறுப்பு, கறுப்பின் மேல் வெள்ளை என்று மூன்று சுற்று ஆகிவிட்டது. உள்ளே என் சிவப்பு அப்படியே இருந்தது.

லொரெதானா முடி திருத்துபவள். நெவியோவின் பாருக்கு எதிர்ச்சாரியில் அவள் கடை. கத்தரியும் சீப்பும் பிடித்துப் பிடித்து வலது மணிக்கட்டு கெட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் ஹேண்டில்பார் அதிர அதிர மூன்று விரல் மரத்துப்போகும், திங்கட்கிழமை வரை திரும்பி வராது.

ஏப்ரல் கடைசியில் ஒரு மத்தியானம், வெள்ளை அஸ்பாரகஸ் அடுப்பில் வெந்துகொண்டிருந்தது, நான் அதற்கு முட்டை மசித்துக்கொண்டிருந்தேன். அவள் அகலமான அட்டைப்பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு கார்பன் ஹேண்டில்பார், அதைக் கவ்விப் பிடிக்கும் புதுக் கழுத்துத் துண்டு.

"யாரு சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"பிலோத்தோ."

"பல்லு புடுங்கறவனுக்கு ஹேண்டில்பாரப் பத்தி என்ன தெரியும்?"

"வெரலு மரத்துப்போறதப் பத்தித் தெரியும். அவருக்கும் கையாலதான் பொழப்பு. கார்பன் அதிர்ச்சிய உள்ளயே வாங்கிக்குமாம், கைக்கு விடாதாம்."

"தொண்ணூறு கிராம் கொறையும்னும் சொல்லியிருப்பானே?"

"நான் கிராமப் பத்திப் பேசல ரினோ. கையப் பத்திப் பேசறேன். போன திங்கக்கெழமை கத்தரி கையிலேர்ந்து நழுவிப் போச்சு. தரையில விழுந்துச்சு, சரி. அந்தம்மா காதுல விழுந்திருந்தா?"

"சொல்லாம உடையற சாமானப் புடிச்சிக்கிட்டு செமோன்சோல எறங்கப் போறியா?"

"மாட்டித் தரியா, மாட்டியா?"

"மாட்டறேன். ஆனா சிவப்பு நாடாவ அவுக்கணுமே."

"அவுத்துரு."

"வெளையாடறியா?"

"ஜெயிச்சது நீ. ஓட்டறது நான்."

பெண்ணிடம் இதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நான் முட்டையை மசித்தேன். பெட்டியை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் வைத்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், மழை விடட்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரு பல் டாக்டரின் பேச்சைக் கேட்டு என் ஜெயிப்பை அவிழ்த்துக் குப்பையில் போட எனக்கு மனசு வரவில்லை, அதுதான் உண்மை. ஜூன் ஞாயிற்றுக்கிழமை அவள் எதைப் பிடித்துக்கொண்டு அந்த மலையிலிருந்து இறங்கப் போகிறாள் என்பது, நான் என்றைக்குப் பெட்டியைத் திறக்கிறேன் என்பதில் இருந்தது. நான் திறக்கவில்லை. மே மாதத்தில் ஒரு நாள் பெட்டி அங்கே இல்லை. அவளே எடுத்துப்போய்க் கடையில் வைத்திருந்தாள்.

மே நடுவில் ஒரு ஞாயிறு, வால்ரோவினா ஏற்றத்தில், எனக்குப் பின்னாலிருந்து லொரெதானா கூப்பிட்டாள்.

"ரினோ, கீச்சுங்குது."

"என்னது?"

"தெரியல. எழுந்து நின்னு மிதிச்சா கீச்சுங்குது. முன்னாடியேர்ந்து வருது."

"சீட்டுக் குழாயா இருக்கும்."

வீட்டுக்கு வந்து சீட்டுக் குழாயைக் கழற்றி கிரீஸ் தடவினேன். அடுத்த ஞாயிறும் கீச்சென்றது. பெடலைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். மூன்றாவது ஞாயிறு, மலையிலிருந்து இறங்கியதும் நெவியோவின் பாரில் எல்லோரும் இருக்கும்போதே சொன்னாள்.

"இன்னும் கத்துது ரினோ. வலது பக்கம். பிரேக்குப் புடிக்கறப்பவும் கேக்குது."

எனக்கு ஒயின் கிளாஸ் அப்போதுதான் வந்திருந்தது. "அது சைக்கிள் இல்லடி லோரே, உன் மணிக்கட்டு" என்றேன்.

பார் முழுக்கச் சிரித்தது. கொர்ராதோ மேசையைத் தட்டிச் சிரித்தான். நெவியோ, "அப்ப மணிக்கட்டுக்கு கிரீஸ் போடுடா" என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்து கத்தினான். லொரெதானா சிரிக்கவில்லை. பிலோத்தோவும் சிரிக்கவில்லை, ஆனால் அவர் எதற்கும் சரியான நேரத்தில் சிரிப்பவர் இல்லை.

முத்திரைச் சனிக்கிழமை வந்தது. பாருக்கு முன்னால் மேசை போட்டு, குறடு, கம்பிச் சுருள், ஈயக் குண்டுகள் எல்லாம் வைத்து உட்கார்ந்தேன். மூன்று மணிக்கே வரிசை நின்றது. நாற்பது வயது தாண்டிய ஆண்கள் காலை மழமழவென்று சிரைத்துக்கொண்டு, தங்கள் கையாலேயே சைக்கிளை அம்மணமாக்கிக்கொண்டு நிற்கும் காட்சி வருஷத்துக்கு ஒரு தரம்தான் கிடைக்கும். நோட்டரி நாடாவை அவிழ்த்து, பாம்புச் சட்டை மாதிரி தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அலமாரி முதலாளிக்கு அவிழ்க்கவே தெரியவில்லை, மச்சான் அவிழ்த்தான். நான் மெதுவாகத் தட்டினேன். அவசரப்படுவது எனக்குப் பிடிக்காது.

பிலோத்தோ வந்தார். எந்த மருத்துவ மாநாட்டுக்குப் போனாலும் கொண்டுபோவார் போல, டார்க் ஸ்பேனரைத் தோல் உறையில் போட்டு எடுத்து வந்திருந்தார். போதுமான இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்லி நிற்கச் சொல்லும் ஸ்பேனர் அது. தன் மணிக்கட்டில் நம்பிக்கை இல்லாதவர்களுக்காகச் செய்தது.

"எல்லாத் திருகும் அஞ்சு நியூட்டன் இறுக்கத்துல இருக்கு ரினோ. நேத்துதான் பார்த்தேன்" என்றார்.

"ரொம்ப சந்தோஷம் டாக்டர். நாளைக்கு ஏத்தத்துல அதுவே உங்களத் தள்ளிவிடும்."

வரிசை சிரித்தது. நான் இடது முனையிலிருந்து தட்டிக்கொண்டு வந்தேன். டக். டக். டக். காதைக் கிட்டே கொண்டுபோனேன். முனகட்டும் என்று எனக்கு ஆசையாகத்தான் இருந்தது, மறைப்பானேன். வலது வளைவில் இரண்டு தடவை தட்டினேன். டக். பிரேக் பட்டைக்குக் கீழே மூன்றாவது தடவையும் தட்டினேன். சனியன், புத்தம்புதுசு மாதிரி பதில் சொன்னது.

"தேறிருச்சு" என்றேன். முத்திரையை அமுக்கினேன்.

அடுத்தது லொரெதானா. கடையிலிருந்து நேரே வந்திருந்தாள், ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை, அதன் பையில் கத்தரியும் சீப்பும் துருத்திக்கொண்டிருந்தன. சைக்கிளை மேசையில் சாய்த்தாள். நான் பிரேக்கை ஒரு தரம் அழுத்திப் பார்த்தேன், சக்கரத்தை ஒரு சுற்று விட்டேன், கம்பியை எடுத்தேன்.

"இதத் தட்டலியா?" என்று கேட்டார் பிலோத்தோ. அவர் போகாமல் பக்கத்திலேயே நின்று நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"இது அலுமினியம் டாக்டர்."

"அதனால?"

"அலுமினியம் சொல்லிட்டு உடையும். எத்தன வருஷமாச் சொல்லிட்டிருக்கேன்? பல்லு மட்டும் பாத்துட்டு இருந்தா எப்படி?"

"பல்லுலயும் அதான் ரினோ. மேல பாத்தா வெள்ளையா பளபளன்னு இருக்கும். கீழ அரிச்சிருக்கும்." இதை அவர் சண்டைக்குச் சொல்லவில்லை. நோயாளியிடம் பேசுவதுபோலச் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. "வேர்வை உப்பு. நாடாவுக்கு உள்ள எறங்கி நிக்கும். எத்தன வருஷமா அவுக்கல?"

"இது ஜெயிச்ச நாடா" என்றேன்.

 இந்த ஒரு விஷயத்தில் கார்பன்காரர்களும் என் பக்கம்தான். நோட்டரிகூட, "டாக்டர், அது வேணாம்" என்றார். கொர்ராதோ தன் முழங்காலைத் தடவிக்கொண்டு, "நான் பட்டது போதும்யா" என்றான். பிலோத்தோ சுற்றும் முற்றும் பார்த்தார். அவருக்கு வியர்த்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. விதின்னா எல்லாருக்கும் விதின்னு கேட்டேன்" என்றார்.

"விதி போட்டது நான். யாருக்குன்னு எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு முத்திரைக் குறட்டைக் கையில் எடுத்தேன். ஈயத்தைக் கம்பியில் கோத்து அமுக்கப் போனேன்.

லொரெதானா என் கைமேல் கையை வைத்தாள். "இரு" என்றாள்.

"என்ன இரு? பின்னாடி பதினஞ்சு பேரு நிக்கறாங்க."

"அவுத்துரு ரினோ."

"லோரே, வீட்ல பேசிக்கலாம்."

"வீட்ல ஏப்ரல்லேர்ந்து பேசறேன். நாளைக்கு இதுல எறங்கப் போறது இவங்களா? நான்தானே?"

"ஜெயிச்ச நாடாவ அவுக்கறதா? கால் போயிரும்டி!"

"போனா உன் கால்தானே போவும். சமாளிச்சிக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏப்ரன் பையிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. உள்ளே என் அலுமினியம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், பல் டாக்டர் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவார் என்று நினைத்தேன். வெட்டட்டும், வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரிக்க ஒரு கதை ஆயிற்று என்றுகூட நினைத்தேன். வலது பக்க நாடாவில் அவள் நீளவாக்கில் ஒரே வெட்டாக வெட்டினாள். வெள்ளை விழுந்தது. கறுப்பு விழுந்தது. சிவப்பு விழவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பி உரித்தாள். உரித்த இடத்திலிருந்து வெள்ளைப் பொடி உதிர்ந்து மேசையில் என் கம்பிச் சுருள்மேல் விழுந்தது.

இருபத்தாறு வருஷம் அலுமினியம் கடைந்தவனுக்கு அது என்ன பொடி என்று எவனும் சொல்லத் தேவையில்லை. குழாய் முழுக்க உப்பு அரித்துப் பொரிந்துபோயிருந்தது. பிரேக் பிடியைக் கட்டியிருக்கும் பட்டையை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. முடி அளவுக்குத்தான் இருந்தது, ஆனால் அடிப்பக்கமாகச் சுற்றிப் பாதிக்கு மேல் போயிருந்தது. அது இன்றைக்கு நேற்று வந்த விரிசல் இல்லை. விளிம்பு கறுத்திருந்தது, உள்ளே அழுக்கு ஏறியிருந்தது. எப்படியும் மூன்று நான்கு வாரம்.

லொரெதானா இரண்டு கையாலும் ஹேண்டில்பாரைப் பிடித்து, ஏற்றத்தில் மிதிப்பதுபோல வலது பக்கத்தை ஒரு தரம் இழுத்தாள்.

கீச்.

தெருவில் எல்லோருக்கும் கேட்டது. நெவியோ உள்ளே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவன், குழாயை மூடிவிட்டு வாசலுக்கு வந்தான்.

பிறகு அவள், இறக்கத்தில் வளைவுக்கு முன்னால் பிரேக் பிடிப்பதுபோல, உடம்பை முன்னால் சாய்த்துக் கையை ஊன்றினாள். முழுப் பலத்தையும் போடவில்லை, மாவு பிசையும் அளவுக்குத்தான். ஹேண்டில்பார் ஒடிந்தது. ஒடிந்த பாதி கீழே விழாமல் பிரேக் கம்பியில் தொங்கி, இப்படியும் அப்படியும் ஆடியது. ஒரு ஓரமாக என் சிவப்பு நாடா கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது.

வரிசையில் நின்றவர்கள் சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் வாயில்தான் ஏதோ வந்தது. "அலுமினியம்... சாதாரணமா..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லிட்டு உடையும்" என்றாள் லொரெதானா. "தெரியும். சொல்லுச்சே. மூணு ஞாயித்துக்கெழமை சொல்லுச்சு. நானும் வந்து உங்கிட்டச் சொன்னேன். நீ என் மணிக்கட்டுக்கு கிரீஸ் போடச் சொன்னே."

கிரீஸ் போடச் சொன்னது நெவியோ. ஆனால் அந்த இடத்தில் அதைத் திருத்துகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. வாசலில் நெவியோ துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான், கை எப்போதோ காய்ந்திருக்கும். கொர்ராதோ தரையைப் பார்த்தான்.  மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் அவள் இதைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருக்கிறாள். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன், வளைவுக்கு வளைவு திரும்பிப் பார்த்து, சீக்கிரம் வா என்று கையாட்டிக்கொண்டு.

அவள் எதிரே கடைக்குப் போய் அட்டைப்பெட்டியோடு வந்தாள். மேசைமேல், அந்தப் பொடியின் மேலேயே வைத்தாள்.

"எனக்கே மாட்டத் தெரியும்" என்றாள். "நீ மாட்டணும்னு ஏப்ரல்லேர்ந்து காத்திட்டிருக்கேன்."

மாட்டினேன். பதினைந்து பேர் வரிசையில் நின்று பார்க்க, நடுத்தெருவில் மாட்டினேன். பழைய கழுத்தைக் கழற்றி, புதுக் கழுத்தை வைத்து, பிரேக் பிடிகளை மாற்றி, கம்பிகளை இழுத்துவிட ஒன்றேகால் மணி நேரம் ஆனது. வழக்கம்போல விரலால் கிரீஸை அள்ளினேன். "கார்பனுக்கு கிரீஸ் கூடாது ரினோ, வழுக்கிரும்" என்று பிலோத்தோ மெல்லச் சொல்லி, பையிலிருந்து மணல்மணலாக இருந்த பசை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அது எனக்குத் தெரியும். அவசரத்தில் மறந்துவிட்டேன். அவர் சொல்லித் தெரிந்துகொண்டதாகத்தான் நாளைக்கு ஊர் பேசும், பேசட்டும். கடைசியில் திருகுகளை இறுக்கும்போது தோல் உறையைத் திறந்து அந்த ஸ்பேனரையும் நீட்டினார். வாங்கினேன். என் மணிக்கட்டு போதும் என்று நினைத்த இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே 'டிக்' என்றது. நான்கு திருகுக்கும் அப்படியே. இருபத்தாறு வருஷம் நான் நம்பிய மணிக்கட்டு அந்தக் கார்பனை நசுக்கியே இருக்கும்.

"தேங்க்ஸ் டாக்டர்" என்றேன். வாயில் கசந்தது.

"நாளைக்கு ஏத்தத்துல என்னத் தள்ளிவிட்டுரு, சரியாப் போயிரும்" என்றார் பிலோத்தோ. தானே சிரித்துக்கொண்டார். அந்த ஆள் இன்றைக்கும் மடையன்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆறு கிலோ எழுநூற்று நாற்பது கிராம் மடையன். ஆனால் என் பெண்டாட்டி கீச்சுங்குது என்று சொன்னபோது இந்தப் பாரில் சிரிக்காத ஒரே ஆளும் அவர்தான்.

இருநூறு லிரா நாணயத்தை எடுத்தேன். புது ஹேண்டில்பாரை இடது முனையிலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். வேகமாகத் தட்டி முடித்திருக்கலாம். முடியவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் காதை வைத்து, பிலோத்தோவின் சைக்கிளுக்கு வைத்ததைவிட இன்னும் கிட்டே வைத்துக் கேட்டேன். அவருடையது முனகட்டும் என்று கேட்டேன், இது முனகிவிடக் கூடாதே என்று கேட்டேன்.  டக். டக். டக். 

"என்ன சொல்லுது?" என்று கேட்டாள் லொரெதானா.

"நல்லாயிருக்காம்."

"அப்பக் குத்து முத்திரைய."

கம்பியைக் கட்டி ஈயத்தை அமுக்கினேன். குறடு ஒரே அமுக்கில் பிடிக்கவில்லை, இரண்டாவது தடவை பிடித்தது. அவள் சைக்கிளைத் திருப்பினாள். இரண்டடி போனவள் நின்று, மேசையில் கிடந்த கத்தரியை எட்டி எடுத்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு எறங்கறப்ப நீ முன்னாடி போவாத. எனக்குப் பின்னாடி வா."

"சரி."

"என் வண்டியில ஏதாச்சும் சத்தம் கேட்டா கூப்பிட்டுச் சொல்லு. நான் நம்புவேன்."